விண்ணில் வீடு கண்ட ஆசிரியர்

உருசிய நாட்டின் இசேவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் 1857-ஆம் ஆண்டு பிறந்தவர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. பத்தாம் வயதில் வந்த கடுங்காய்ச்சல் அவர்தம் செவிப்புலனைப் பெரிதும் கெடுத்தது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. சில ஆண்டுகளில் அன்னையும் மறைந்தார். அதன்பின் நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின.

பதினாறாம் வயதில் மாஸ்கோ சென்றார். கறுப்பு ரொட்டியால் பசியாற்றி, எஞ்சிய பணத்தை நூல்களுக்குச் செலவிட்டார். மூன்றாண்டுகள் நூலகத்திலமர்ந்து கணிதமும் இயற்பியலும் தாமே கற்றார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, 1892 முதல் கலுகா நகரில் வாழ்ந்தார்.

காற்றில்லா வெளியில் மனிதர் எவ்வாறு வாழ்வர் என்பதே அவர்தம் ஓயாச் சிந்தனை. வெளியே செல்வோர்க்குக் காற்று கசியாத இரட்டைக் கதவறை வேண்டும். செடிகளை வளர்த்தால் அவை காற்றைத் தூய்மையாக்கி உணவும் தரும். நிலையத்தைச் சுழலச் செய்தால் அங்குள்ளோர் எடையை உணர்வர் என்று எழுதினார். 1903-இல் ஏவூர்தியின் வேகத்தைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1908-இல் வெள்ளம் வீட்டினுள் புகுந்து அவர்தம் ஆய்வுத்தாள்கள் பலவற்றை அழித்தது. அவரோ சோர்வின்றி மீண்டும் எழுதலானார்.

1935-இல் அவர் மறைந்தார். 1971-இல் முதல் விண்நிலையமாகிய சல்யூட் பூமியைச் சுற்றியது. அதனுள் செடிகளும் முளைத்தன. 2000-ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்நிலையத்தில் மனிதர் குடியேறினர். இரட்டைக் கதவறை வழியே வெளிச்சென்று பழுது நீக்கினர். 2015-இல் அங்கு விளைந்த கீரையை உண்டனர். மனிதர் வாழும் சுழல்நிலையம் மட்டும் இன்னும் அமையவில்லை. அப்பணி வருங்கால மாணவர்க்காகக் காத்திருக்கிறது.