நான்சனின் படுக்கைப்பை

செப்டெம்பர் பிறந்ததும் பாடசாலையிலிருந்து ஒரு தாள் வரும். பிள்ளைகள் காட்டில் ஓரிரவு தங்கப் போகிறார்கள், இன்னின்ன சாமான் கொடுத்துவிடுங்கள் என்று. கம்பளி உள்ளாடை, மழைச்சட்டை, தலைவிளக்கு என்று போகும் பட்டியலில் படுக்கைப்பை என்ற சொல் வந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சிறு பதற்றம் தொடங்கும். பாயிலும் சாறத்துப் போர்வையிலும் வளர்ந்த எங்களுக்கு, சாக்கு மாதிரி ஒன்றுக்குள் உடம்பை நுழைத்து, கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு நித்திரை கொள்வது நோர்வேக்கு வந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் பிடிபடாத காரியம்.

மூத்தவளுக்கு முதல் பை வாங்கியபோது உறையில் பெரிதாக அச்சிட்டிருந்த குளிர் எண்ணைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், வாங்கிவிட்டோம். எண்களோடு சீவிக்கும் கணக்காளர் வீட்டில் நடக்கக்கூடாத பிழை அது. சிறிய எழுத்தில் மூன்று எண்கள் இருந்தன. முதலாவது, ஒரு சராசரிப் பெண் சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. மூன்றாவது, உயிர் தப்பலாம், தூக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை என்ற எண். நாங்கள் நம்பி வாங்கியது மூன்றாவதை. பிள்ளை விடிய விடிய நடுங்கிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் பிரிட்யொவ் நான்சனை ஒழுங்காகப் படித்தோம். அதுவரை எங்களுக்கு அவர் அகதிகளுக்குக் கடவுச்சீட்டுத் தந்த மனிதர், அவ்வளவுதான். ஒரு படுக்கைப்பையின் நிறைக்கும் சூட்டுக்கும் இவரளவு கணக்குப் பார்த்தவர் வேறு யாரும் இருந்திருப்பார்களா என்று இப்போது தோன்றுகிறது.

1861 ஒக்டோபர் 10 அன்று, இன்று ஒஸ்லோ என்று நாம் அழைக்கும் கிறிஸ்தியானியாவுக்குப் பக்கத்தில் பிறந்தார். தகப்பன் சட்டத்தரணி. பனிச்சறுக்கிலும் காட்டிலும் வளர்ந்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 1882இல் கடல்நாய் வேட்டைக் கப்பலொன்றில் வடக்கே போனார், திரும்பி வந்து பேர்கன் நூதனசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நரம்பு மண்டலம் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1888இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்கான விவாதம் முடிந்த சில நாட்களிலேயே கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

கிரீன்லாந்தின் உட்பனியை அதுவரை யாரும் குறுக்கே கடந்ததில்லை. முயன்றவர்கள் ஆட்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து தொடங்கினார்கள், முடியாதபோது திரும்பி வந்தார்கள். நான்சன் யாருமில்லாத கிழக்கிலிருந்து தொடங்கத் தீர்மானித்தார். திரும்பினால் அங்கே உதவ ஆளில்லை, ஆகவே முன்னே போகத்தான் வேண்டும். நோர்வே அரசு பணம் தர மறுத்தது. 5,000 குறோணர் கொடுத்தவர் கொப்பன்ஹேகன் வணிகர் ஒகுஸ்டின் காமெல். ஆறு பேர் போனார்கள். அவர்களில் சமூவெல் பால்டோ, ஊலே ராவ்னா என்ற இருவர் சாமி மக்கள், கலைமான் வளர்க்கும் வடபுலத்தின் ஆதிக்குடிகள். நாயும் இல்லை, குதிரையும் இல்லை. சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவரின் முதுகில் விழும் கிலோ.

இங்கேதான் படுக்கைப்பைக் கணக்கு வருகிறது. நாய்த்தோல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பாரம். ஓநாய்த்தோல் நல்லது, ஆனால் விலை. நான்சன் கலைமான் தோலைத் தேர்ந்தார். கலைமானின் மயிர் ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்றுத்தான் சூட்டை வெளியே விடாது. குறைந்த நிறைக்குக் கூடிய சூடு. ஆனால் ஈரம் பட்டால் மயிர் உதிரத் தொடங்கிவிடும். இன்றைய கடைகளிலும் இதே வழக்கு நடக்கிறது. வாத்துத் தூவி அடைத்த பை கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும், சூடும் அதிகம், ஆனால் நனைந்தால் கட்டிபட்டு ஒன்றுக்கும் உதவாது. செயற்கை இழைப் பை சற்றுப் பாரம், நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். நூறு வருடத்துக்கு மேலாகியும் பட்டியலில் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

நான்சன் அதோடு நிற்கவில்லை. ஆறு பேருக்கு ஆறு பை எடுக்காமல் இரண்டே பை எடுத்தார், ஒன்றுக்குள் மூன்று பேர். பை தானாகச் சூட்டை உண்டாக்காது, மனிதரின் உடம்புதான் அடுப்பு, பை வெறும் மூடி. மூன்று அடுப்புக்கு ஒரு மூடி போதுமென்றால் தோல் மிச்சம், நிறையும் மிச்சம். ஒருவர் புரண்டால் மூவரும் புரளவேண்டும் என்பது மட்டும் நட்டம். எங்கள் ஊரில் ஒரு பாயில் நாலு பிள்ளைகள் கிடந்ததும் ஒருவகையில் இதே கணக்குத்தான். அதை நாங்கள் அப்போது வறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓகஸ்ட் நடுவில் ஏறத் தொடங்கினார்கள். 2,700 மீற்றருக்கு மேலே ஏறவேண்டியிருந்தது. இரவில் வெப்பநிலை மறை 45 பாகைவரை இறங்கியது. 49 நாட்களின் பின், ஒக்டோபர் 3 அன்று, நான்சனும் ஒட்டோ ஸ்வேர்ட்ரூப்பும் மேற்குக் கரையின் கொட்ஹோப் குடியிருப்பை அடைந்தார்கள். மற்ற நால்வரும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு. ஆனால் அந்த ஆண்டின் கடைசிக் கப்பலைத் தவறவிட்டதால் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். இனுவிட் மக்களிடம் கயாக் ஓட்டக் கற்றார், அவர்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சாமிகளிடமும் இனுவிட்டுகளிடமும் படித்ததை மறைக்காமல் சொன்னது அவரில் எங்களுக்குப் பிடித்த குணம்.

அடுத்தது பிராம் கப்பல். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே வழுக்கி எழும்படி உருண்டையான அடிப்பாகத்தோடு கொலின் ஆர்ச்சர் கட்டியது. 1893இல் புறப்பட்டு, வேண்டுமென்றே பனிக்குள் சிறைப்பட்டு, நீரோட்டத்தோடு துருவத்தை நோக்கி மிதந்து போகும் திட்டம். இப்போது அந்தக் கப்பல் ஒஸ்லோவின் பிக்டோய் நூதனசாலையில் நிற்கிறது. பிள்ளைகளோடு போகாத தமிழ்க் குடும்பம் இருந்தால் ஒரு ஞாயிறு போய் வாருங்கள். கப்பல் துருவத்தைத் தொடாது என்று விளங்கியதும், 1895 மார்ச் 14 அன்று, நான்சன் யால்மார் யோஹான்சன் என்ற ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு பனிமேல் இறங்கினார். 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக்குகள், இருவருக்குமாக ஒரு படுக்கைப்பை.

இந்தமுறை கணக்குப் பிழைத்தது. முந்தைய முயற்சியில் ஓநாய்த்தோல் உடைகள் வியர்க்க வைத்தன என்று அவற்றைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, கம்பளி உடையோடு போனார்கள். கடும் குளிரில் வண்டி தள்ளும் உடம்பின் வியர்வை கம்பளியில் ஊறி உறைந்தது. பகலில் உடை பனிக்கவசமாகிவிடும். சட்டைக் கையின் விளிம்பு உராய்ந்து நான்சனின் மணிக்கட்டில் புண்ணாகி, தழும்பு பின்னரும் இருந்தது. இரவு பைக்குள் நுழைந்தால் முதல் ஒன்றரை மணித்தியாலம் பல் கிடுகிடுக்கும். உடம்புச் சூட்டில் உடை இளகும்வரை அப்படித்தான். இளகியதும் நனைந்த துணிக்குள் கிடப்பார்கள். காலையில் வெளியே வந்தால் அது மறுபடி பனி. கையுறைகளை நெஞ்சில் வைத்து உலர்த்தினார்கள். சில கிலோவை மிச்சம் பிடிக்கப்போய் ஒவ்வோர் இரவும் வட்டி கட்டினார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. நிறையைக் குறைப்பதே எல்லாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவேண்டும்.

ஏப்ரல் 8 அன்று வடக்கு 86 பாகை 14 கலையில் திரும்பினார்கள். அதுவரை மனிதர் எட்டிய ஆகக் கூடிய வடக்கு அதுவே. திரும்பும் வழியில் இருவரின் கடிகாரங்களும் நின்றுபோயின, சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்றவற்றுக்கு உணவாக்கினார்கள். ஓகஸ்ட்டில் பிரான்ஸ் யோசப் தீவுக்கூட்டத்தை அடைந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது.

கல்லடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாக்கி, மூன்று மீற்றர் அளவு நீளமான ஒரு குடில் கட்டினார்கள். கொழுப்பெண்ணெய் விளக்கு எரிந்தால் உள்ளே சூடாகிவிடும், இனி ஆளுக்கொரு கம்பளியோடு தனித்தனியாகப் படுக்கலாம் என்று நம்பினார்கள். முதல் இரவிலேயே நடுங்கிவிட்டார்கள். மறுபடி கம்பளிகளைச் சேர்த்துத் தைத்துப் பையாக்கி, அடியில் கரடித்தோல் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். அடியில் விரிப்பது முக்கியம். உடம்பு அமுக்கும் இடத்தில் பையின் காற்று வெளியேறிவிடும், சூட்டை நிலம் உறிஞ்சும். கடையில் நல்ல பை வாங்கிவிட்டு மெத்தையில் மிச்சம் பிடிப்பவர்கள் கவனிக்க.

எட்டு மாதங்களுக்கு மேல் அப்படிக் கிடந்தார்கள். கரடி இறைச்சியும் கொழுப்பும்தான் சாப்பாடு. சில நாட்களில் இருபது மணித்தியாலம்வரை தூங்கினார்கள். கப்பலை விட்டு இறங்கியபோது இருந்ததைவிட நான்சன் பத்துக் கிலோ கூடியிருந்தார், அது வேறு கதை. ஒரே பைக்குள் மாதக்கணக்கில் படுத்தும் இருவரும் ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்தார்களாம். அந்த வருடத்தின் கடைசி இரவில்தான் நீ என்று பேச உடன்பட்டார்கள் என்று நோர்வேயில் சொல்வார்கள். மரியாதைப் பன்மையின் அருமை தெரிந்த எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1896 யூன் 17 அன்று அந்தத் தீவுகளில் இருந்த பிரித்தானியப் பயணி பிரெடரிக் ஜாக்சனைத் தற்செயலாகச் சந்தித்தார்கள், ஓகஸ்ட்டில் நாடு திரும்பினார்கள். நான்சனுக்குப் புகழும் பேராசிரியர் பதவியும், பிறகு லண்டனில் தூதுவர் பதவியும் வந்தன. யோஹான்சனின் வாழ்க்கை குடியில் சரிந்தது. நான்சன் சொல்லி அமுண்ட்சன் அவரைத் தென்துருவப் பயணத்தில் சேர்த்தார். அங்கே இருவருக்கும் முரண்பாடு வந்து, துருவத்துக்குப் போன குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1913 ஜனவரியில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஒரே பைக்குள் சூட்டைப் பகிர்ந்த இருவரில் ஒருவரின் பெயர்தான் தெருக்களுக்கு நிறைய வைக்கப்பட்டிருக்கிறது.

முதலாம் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் நான்சனை அழைத்தது. போர்க்கைதிகளை வீடு சேர்க்கும் வேலை. 1920 முதல் 1922 வரை 427,886 பேரை அனுப்பிவைத்தார். கடைசி ஆள்வரை எண்ணி வைத்திருந்தது எங்கள் தொழில் மனதுக்கு இதமாக இருக்கிறது. 1921இல் அகதிகளுக்கான உயர் ஆணையாளரானார். ரஷ்யாவைவிட்டு ஓடியவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். புதிய ஆட்சி அவர்களின் குடியுரிமையை இரத்துச் செய்துவிட்டது. உயிர் இருக்கிறது, கையில் தாள் இல்லை. தாள் இல்லாதவனுக்கு எல்லையும் திறக்காது, வேலையும் கிடையாது. இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

1922 யூலையில் ஜெனீவாவில் அந்தத் தாள் உருவானது. நான்சன் கடவுச்சீட்டு என்று பெயர் பெற்றது. பின்னர் ஆர்மேனியர்களுக்கும் அசிரியர்களுக்கும் விரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோக்கோவ் எல்லாரும் அதை வைத்திருந்தவர்கள். பணம் செலுத்தக்கூடியவர்கள் நான்சனின் முகம் பதித்த ஐந்து தங்கப் பிராங் முத்திரை ஒன்றை ஒட்டினார்கள், அந்தப் பணம் இல்லாத அகதிகளுக்குப் போனது. சாமானிய ஏற்பாடுதான், ஆனாலும் அதைக் கண்டபோது எங்களுக்கு அந்த மூன்று பேர் பை நினைவுக்கு வந்தது. தாளில் ஓட்டைகளும் இருந்தன. அது குடியுரிமை தரவில்லை, கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூட முதலில் உறுதிசெய்யவில்லை. ஆர்மேனியர்களைக் குடியேற்ற அவர் போட்ட திட்டத்துக்கு அரசுகள் பணம் தரவில்லை. 1922இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்தார்.

1930 மே 13 அன்று ஒஸ்லோவுக்கு மேற்கே லீசாக்கரில் உள்ள தன் வீட்டில் இறந்தார். நாட்டின் தேசிய நாளான மே 17 அன்று இறுதிச் சடங்கு நடந்தது. வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம்.

எங்கள் அலுமாரியில் பழைய பயண ஆவணங்கள் இன்னும் கிடக்கின்றன. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி வந்தவை, நான்சன் தாளின் வாரிசுகள். அட்டையின் மூலையில் இரண்டு கோடுகள், உள்ளே, பிறந்த நாட்டைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும் என்ற வாசகம். போன கிழமை அவற்றைக் கண்ட சின்னவள் இவ்வளவு மெல்லியதா என்று கேட்டாள். அவளுக்கு இந்த வருடம் வாங்கியது செயற்கை இழைப் பை. முதல் எண்ணைப் பார்த்து வாங்கினோம், நல்ல மெத்தையும் சேர்த்து. பேர்கன் பக்கம் போகிறார்கள், அங்கே மழை.