ஆறளந்த ஜேம்ஸ் ரென்னல்

வாசுதேவநல்லூரைப் போன்ற மலையடிவாரத்து ஊர்களை அறிந்த நமக்கு, ஆறென்பது மேற்கு மலையிற் பிறந்து கிழக்கு நோக்கி ஓடுவது. அது திரும்பி ஓடுதலை நாம் கண்டதில்லை. கடலையடுத்த தாழ்நிலத்திலோ ஆறு நாள்தோறும் இருமுறை எதிர்த்துப் பாயும். ஓதம் ஏறுங்கால் கடல்நீர் உள்ளே புகுந்து ஆற்றைப் பின்தள்ளும்; ஓதம் வடியுங்கால் சேற்றுத் திடர்கள் வெளிப்படும். இத்தகைய நீர்வழிகள் எண்ணிறந்தனவாய்ப் பின்னிக் கிடக்கும் கங்கைக் கழிமுகத்தைப் படகிற் சென்று அளந்த ஜேம்ஸ் ரென்னல் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ரென்னல் 1742-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள், இங்கிலாந்தில் டெவன் நாட்டைச் சார்ந்த சட்லி என்னும் ஊரின் அருகே பிறந்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த தந்தையார் போரில் மாண்டமையால், சட்லிப் பாதிரியாரே அவரை வளர்த்து வந்தார். 1756-இல் கடற்படையிற் சேர்ந்த அவர், அங்கே கடலாழம் பார்க்கவும் துறைமுகங்களைப் படமெழுதவும் பழகினார். 1763-இல் அவ்வேலையை விட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் அமர்ந்து, நெப்டியூன் என்னும் சிறு கலத்திற்குத் தலைவராகிப் பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தார். ஆகவே, அவரை நம் தமிழகத்திற்கு முற்றும் அந்நியரென்று சொல்லுதற்கில்லை.

1764-இல் வங்காளத்துக் கவர்னர் வான்சிட்டார்ட் அவருக்கு ஓர் அரிய வேலையை ஒப்புவித்தார். கங்கையிலிருந்து கல்கத்தாவுக்கு வரும் கிளையாறுகள் கோடையில் நீர் குறைந்து, பெரும் படகுகளுக்கு உதவாது போம். எக்காலத்தும் படகு செல்லத்தக்க வழியைக் கழிமுகத்தின் வாயிலாகக் கண்டறிதல் வேண்டும். அப்பொழுது ரென்னலுக்கு வயது 21.

பாயும் துடுப்பும் கொண்ட நாட்டுப் படகுகளே அவருக்கு வீடும் அலுவலகமுமாயின. திசையறி கருவியால் ஆற்றின் வளைவுகளைக் குறிப்பார். கரையிலே சங்கிலியால் நிலத்தை அளப்பார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு நீரின் ஆழம் காண்பார். ஓதம் மிக்க இடங்களில் காலையிற் கண்ட ஆழம் மாலையில் இராது. ஆதலின் ஆழத்தோடு ஓதத்தின் நிலையையும் கருதவேண்டியிருந்தது. சுந்தரவனத்துப் புலியும், சதுப்புநிலக் காய்ச்சலும் எப்பொழுதும் அருகிலிருந்தன.

1766-இல், கூச்பிகார் எல்லையருகே ஆயுதந்தாங்கிய சந்நியாசிக் கூட்டத்தார் அவரை வளைத்து வெட்டினர். தோட்பட்டை எலும்பு பிளந்தது. வைத்தியரோ 300 மைலுக்கு அப்பால் டாக்கா நகரில் இருந்தார். கூரையில்லாத படகிற் கிடத்தி, காயங்களுக்கு வெங்காயத்தை வைத்துக் கட்டி, அந்நாட்டு மக்களே அவரைக் கொண்டுபோயினர். ஆற்றை அளக்கச் சென்றவரை ஆறே உயிர்ப்பித்துக் கொடுத்தது எனலாம். வலக்கை முன்போல் வழங்காதாயிற்று; எனினும் உடல் தேறியதும் அவர் மீண்டும் வேலைக்குத் திரும்பினார். 1767 ஜனவரியில் வங்காளத்தின் தலைமை நிலவளவையாளரானார்.

அதே 1767-இல்தான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைக் கும்பினியாரின் பீரங்கிகள் தாக்கின. இவ்விரண்டையும் ஒருங்கே நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. அவர் எழுதிய படங்கள் படை நடத்தவும் வரி தண்டவும் பயன்பட்டன. 1770-இல் வங்காளம் கொடும் பஞ்சத்தால் மடிந்தபொழுதும் வரி தண்டுதல் நிற்கவில்லை. ஒருவருடைய அறிவின் பெருமையைப் புகழுங்கால், அவ்வறிவு யாருக்கு ஏவல் செய்தது என்பதையும் மறைத்தல் முறையன்று.

1777-இல் அவர் இந்தியாவை விட்டுத் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டார். வங்காளப் படத்தொகுதி 1779 முதல் வெளியாயிற்று. கங்கை, பிரமபுத்திரை ஆகிய ஆறுகளைப் பற்றிய ஆராய்ச்சியை 1781-இல் லண்டன் ராயல் சங்கத்திற்கு அளித்து, அவ்வாண்டே அதன் அங்கத்தினரானார். 1791-இல் அச்சங்கத்தின் காப்ளி பதக்கத்தையும் பெற்றார். 1830 மார்ச் 29-ஆம் நாள், 87-ஆம் வயதில் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் கண்ட ஆறுகள் இன்று அவ்விடங்களில் இல்லை. 1787-இல் பெருவெள்ளத்தால் தீஸ்தா நதி வழி மாறிப் பிரமபுத்திரையிற் கலந்தது. பின்னர்ப் பிரமபுத்திரையும் தன் பழைய படுகையை விட்டு, மேற்கே யமுனை என்னும் பெயரோடு ஓடலாயிற்று. கும்பினியும் மறைந்தது, அது ஆண்ட நாடும் வேறுவேறு அரசுகளாயிற்று. ஆயினும், அவ்வாறுகள் முன்னர் எங்கே ஓடின என்று அறிய விரும்புவோர் இன்றும் ரென்னலின் படத்தையே விரிக்கின்றனர்.

எசமானர் விரும்பியதை எழுதாமல், கண்டதைக் கண்டவாறே எழுதினமையால் அப்படம் எசமானரைக் கடந்தும் வாழ்கின்றது. கலாசாலையில் அளவுகோலும் எழுதுகோலும் பிடிக்கும் நாம் அவரிடம் கற்கவேண்டியது இவ்வுண்மையே. நம் கையிலுள்ள கருவி எவருக்குத் துணைபோகின்றது என்று கேட்கும் நெஞ்சமும் அதனோடு சேருமாயின், நம் கல்வி நிறைவுறும்.