எல் நினோ மர்மத்தின் ஒரு முனையைப் பிடித்த 'பூமராங்' வாக்கர்... வானிலையே படிக்காத இவர் யார்?

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் பிறந்தால் போதும், செய்திகளில் எல் நினோ என்ற பெயர் அடிபட ஆரம்பிச்சுடும். பசிபிக் கடல் சூடானால் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம் என்பார்கள். எங்கேயோ பெரு நாட்டுக் கரையோரம் தண்ணீர் சூடாவதற்கும், விதர்பாவில் பருத்தி விதைச்சிட்டு வானத்தைப் பார்க்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சிருக்கீங்களா?

அந்த சம்பந்தத்தின் ஒரு முனையைப் பிடித்தவர் கில்பர்ட் வாக்கர். வளிமண்டல அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்று 'வாக்கர் சுழற்சி' ஒரு அடிப்படைப் பாடம். ஆனால் வாக்கர் கல்லூரியில் வானிலை படித்தவரே இல்லை.

கணக்குப் புலி, கையில் பூமராங்

1868-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார் வாக்கர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து, 1889-ல் 'சீனியர் ராங்லர்' ஆனார். அதாவது கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். அந்தக் காலத்தில் பிரிட்டனில் வானிலையைத் தனிப் பட்டப்படிப்பாகப் படிக்க வழியே கிடையாது.

மனுஷனுக்கு விநோதமான ஆர்வங்கள் உண்டு. வீசினால் திரும்பி வரும் பூமராங் எப்படிப் பறக்கிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரையே எழுதினார். கல்லூரிப் பக்கம் அதை வீசிக்கொண்டே திரிந்ததால் 'பூமராங் வாக்கர்' என்பது பட்டப்பெயர் ஆனது. புல்லாங்குழல், பனிச்சறுக்கு, பறவைகள் பறக்கும் விதம் என்று பட்டியல் நீளும்.

இப்படிப்பட்டவரை இந்திய வானிலைத் துறைக்கு ஏன் கூப்பிட்டார்கள்?

கணிப்பு பொய்த்த கதை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்தை நம்ம ஊர் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்கள். மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். மழை தவறியது ஒரு காரணம் என்றால், ஆங்கிலேய ஆட்சி தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே இருந்தது இன்னொரு காரணம். அதையும் சொல்லியாகணும்.

இந்திய வானிலைத் துறை 1875-லேயே தொடங்கியிருந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையில் பனி அதிகம் பெய்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்று கவனித்து, அதை வைத்துக் கணிப்பு சொன்னார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் காலத்தில்தான் சிக்கல். 1899-ல் மழை நன்றாக இருக்கும் என்று கணிக்கப்பட்டது. வந்ததோ கடும் வறட்சி. துறையின் மானம் கப்பலேறியது.

இனி அனுபவமும் ஊகமும் போதாது, கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்ற நிலை. 1904-ல் எலியட்டின் இடத்துக்கு வந்தார் வாக்கர். அவர் காலத்தில் தலைமையகம் சிம்லா.

குமாஸ்தாக்களே கம்ப்யூட்டர்

வாக்கருக்குக் காற்று எப்படிப் போகும், மேகம் எப்படிக் கூடும் என்ற பாடம் தெரியாது. சமன்பாடு எழுதி மழையைச் சொல்லும் அளவுக்கு அந்த அறிவியலும் அன்று வளரவில்லை. அதனால் வேறு வழியில் போனார். உலகம் முழுக்க எங்கெல்லாம் பதிவுகள் கிடைக்குமோ, அங்கிருந்தெல்லாம் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளைத் திரட்டினார். ஒரு ஊரின் அழுத்தம் ஏறும்போது இன்னொரு ஊரில் மழை கூடுகிறதா, குறைகிறதா? இதைத்தான் 'ஒட்டுறவு' என்கிறோம், ஆங்கிலத்தில் கோரிலேஷன்.

இன்று லேப்டாப்பில் சில நொடி வேலை. அன்று இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, கையாலேயே கூட்டிப் பெருக்கி வகுத்தார்கள். வருஷக்கணக்கில் நடந்த வேலை இது. கட்டுரைகளில் வாக்கர் பெயர்தான் பெரிதாக நிற்கிறது. கணக்குப் போட்ட கைகளை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இதில் ஒரு ஆபத்து இருக்கு. நூறு விஷயங்களைச் சோதித்தால், ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திப் போகும். ஜோசியம் சில நேரம் பலிப்பது மாதிரி! வாக்கர் இதை அப்போதே உணர்ந்திருந்தார். எத்தனை விஷயங்களைத் தேடுகிறோமோ, அதற்கேற்ப ஒட்டுறவு எவ்வளவு பெரிதாக இருந்தால் நம்பலாம் என்று ஒரு அளவுகோல் வகுத்து 1914-ல் வெளியிட்டார். புள்ளிவிவரம் படிக்கிறவர்களுக்கு இது இன்றைக்கும் தேவைப்படும் எச்சரிக்கை.

ராமானுஜனுக்கு ஒரு கடிதம்

நடுவில் ஒரு சென்னைக் கதை. 1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னை வந்திருந்தார். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகளைக் காட்டினார். அந்தக் குமாஸ்தாதான் சீனிவாச ராமானுஜன்.

அந்த வகைக் கணிதம் தன் துறை இல்லை என்று ஒப்புக்கொண்ட வாக்கர், ஆனாலும் இந்த இளைஞருக்குச் சில வருஷங்களாவது வயிற்றுப் பிழைப்புக் கவலை இருக்கக் கூடாது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாத ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் 2 வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பசிபிக் ஏறினால் இந்தியப் பெருங்கடல் இறங்கும்

குவிந்த கணக்குகளிலிருந்து 1920-களில் ஒரு பெரிய உருவம் தெரிய ஆரம்பித்தது. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் கூடினால், ஆப்பிரிக்கா தொடங்கி ஆஸ்திரேலியா வரை இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. சின்னப் பசங்க ஆடுற ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. இதற்கு 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தார் வாக்கர். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதேபோன்ற இரண்டு அலைவுகளையும் அடையாளம் காட்டினார்.

ஆனால் அவர் தேடி வந்தது இது இல்லை. அவருக்கு வேண்டியது பருவமழையை முன்கூட்டியே சொல்லும் சாவி. இந்தியப் பருவமழைக்கு, முந்தைய மாதங்களின் அலைவோடு இருப்பதைவிடப் பிந்தைய மாதங்களின் அலைவோடுதான் தொடர்பு வலுவாக இருந்தது. மழை முடிந்த பிறகு கிடைக்கும் சாவியை வைத்து என்ன செய்ய?

அதைவிடப் பெரிய குறை, ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இடங்கள் எப்படி ஒன்றையொன்று பாதிக்கும், எல்லாம் எண் விளையாட்டு என்று சக அறிஞர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். கடலின் வெப்பநிலை பற்றிப் போதுமான அளவீடு அன்று யாரிடமும் இல்லை.

1924-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அதே வருஷம் சர் பட்டம். வானிலையே படிக்காத மனிதர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியராகி 1934 வரை பாடம் நடத்தினார்.

1957-58-ல் ஒரு பெரிய எல் நினோ வந்தது. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால், முதல் முறையாகப் பசிபிக் பற்றி விரிவான தகவல்கள் கிடைத்தன. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த யாக்கோப் பியர்க்னஸ் அதை அலசினார். மேற்குப் பசிபிக்கின் சூடான கடல் மீது காற்று மேலெழுகிறது, கிழக்கே குளிர்ந்த கடல் மீது கீழிறங்குகிறது. கிழக்குக் கடல் சூடானால் இந்தச் சக்கரம் தளர்ந்துபோகும். வாக்கரின் ஏற்ற இறக்கப் பலகையை ஆட்டியது கடல்தான்! 1969-ல் அந்தச் சக்கரத்துக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயர் சூட்டினார் பியர்க்னஸ்.

அதைக் கேட்க வாக்கர் இல்லை. 1958 நவம்பரில், தன் 90-வது வயதில் காலமாகியிருந்தார்.