தொடாமல் வாசித்தவர்: கிளாரா ராக்மோர்

வீணையை மீட்ட வேண்டும், வயலினில் வில் போட வேண்டும், மிருதங்கத்தைத் தட்ட வேண்டும், புல்லாங்குழலில் ஊத வேண்டும். இப்படி எதுவுமே செய்யாமல், கருவியைத் தொடாமலே வாசிக்கும் வாத்தியம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தெரமின். வேடிக்கைப் பொருளாகவே போயிருக்க வேண்டிய அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் கிளாரா ராக்மோர். இந்தக் காலாண்டு இதழில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

நான்கு வயதில் இசைக் கல்லூரி

கிளாரா 1911 மார்ச் 9 அன்று வில்னியஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று லிதுவேனியாவின் தலைநகராக இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. அக்கா நாடியா ரைசன்பெர்க் பியானோ வாசிப்பார். பிற்காலத்தில் அவரும் புகழ்பெற்ற கலைஞர் ஆனார். தங்கைக்கு வயலின். ஸ்வரங்களைக் கேட்டவுடனே சரியாகச் சொல்லும் காது கிளாராவுக்குப் பிறவியிலேயே இருந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் எல்.கே.ஜி. சேரும் நான்கு வயதில் அவருக்குச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்த மாணவர்களிலேயே வயதில் மிகச் சிறியவர் அவர்தான். உலகப் புகழ்பெற்ற வயலின் ஆசான் லியோபோல்ட் ஆவர் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்.

1917இல் ரஷ்யப் புரட்சி வந்தது. கூடவே பஞ்சமும் வந்தது. வளரும் வயதில் குழந்தைக்குச் சரியான சாப்பாடு இல்லை. குடும்பம் ஊர் ஊராக நகர்ந்து, கடைசியில் 1921இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே வயலின் படிப்பு தொடர்ந்தது. பெரிய மேடைகள் காத்திருந்த பதின்ம வயதில், வில் பிடிக்கும் கை வலிக்கத் தொடங்கியது. சிறு வயதுப் பட்டினியின் விளைவு அது என்றார்கள். வலி தீரவில்லை. பிள்ளைப் பருவம் முழுவதையும் எதற்காகக் கொடுத்தாரோ, அந்த வயலினை அவர் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

காற்றில் ஒரு வாத்தியம்

அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த மனிதர் லியோன் தெரமின். ரஷ்ய இயற்பியலாளர். 1920 வாக்கில், வாயுக்களின் தன்மையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, கையை அருகில் கொண்டு போனால் அதில் எழும் ஒலி மாறுவதைக் கவனித்தார். அதையே வாத்தியமாக்கினார். 1922இல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். 1927 இறுதியில் அமெரிக்கா வந்தார்.

பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த பெரியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏரியல் அருகே கையைக் கொண்டு போனால் ரேடியோவில் ஒலி மாறும் அல்லவா? ஏறக்குறைய அதுதான் இங்கேயும். தெரமினுக்குள் நம் காதுக்குக் கேட்காத இரண்டு ரேடியோ அதிர்வுகள் இருக்கின்றன. ஒன்று மாறாது. மற்றொன்று, கை அருகில் வரவர மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒலியாக வெளியே வருகிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பியிடம் வலது கை நெருங்கினால் சுருதி ஏறும். பக்கவாட்டில் வளைந்திருக்கும் கம்பியிடம் இடது கை நெருங்கினால் ஒலி குறையும்.

1929இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாட்டை முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தது. வாங்கியவர்களுக்கு உண்மை சீக்கிரமே தெரிந்துவிட்டது. விலையும் அதிகம்; பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சுமார் 500 கருவிகளோடு தயாரிப்பு நின்றுபோனது.

கிளாரா செய்த வேலை

எளிது என்று சொல்லி விற்ற கருவியைக் கிளாரா, உலகிலேயே கடினமான வாத்தியம் போல நினைத்துப் பழகினார். வயலினில் விரலுக்கு அடியில் தந்தியாவது இருக்கும். தெரமினில் ஒன்றுமே இல்லை. விரல் இம்மி அசைந்தாலும் சுருதி போய்விடும். தலை ஆடினாலும், உடம்பு சற்றுச் சாய்ந்தாலும் ஸ்வரம் மாறும். காது ஒன்றுதான் வழிகாட்டி. அதனால் மேடையில் அவர் சிலை போல நிற்பார். கைகள் மட்டும் அசையும்.

கையை முன்னும் பின்னும் இழுத்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு ஊளையிடுவது போல வழுக்கிக்கொண்டுதான் போக முடியும். அதைத் தவிர்க்கக் காற்றிலேயே விரல் வைப்பு முறை ஒன்றை உருவாக்கினார். கையை ஓரிடத்தில் நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியும் விரித்தும் ஸ்வரங்களைத் தனித்தனியே பிடித்தார்.

கருவியிலும் குறை கண்டார். தெரமினிடம் அதைச் சொல்லி மாற்ற வைத்தார். மூன்று ஸ்தாயி இருந்ததை ஐந்து ஸ்தாயி ஆக்கச் சொன்னார். ஒலியைச் சட்டென்று நிறுத்தித் தொடங்கும்படி இடது கைக் கம்பியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். தெரமின் அவருக்கென்றே தனியாக ஒரு கருவி செய்து கொடுத்தார். கிளாராவின் 18ஆவது பிறந்தநாளுக்கு, அவர் அருகில் வந்தால் விளக்கு எரிந்து சுழலும் கேக் ஒன்றையும் செய்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவும் கேட்டார். கிளாரா மணந்தது வழக்கறிஞர் ராபர்ட் ராக்மோரை.

1934இல் நியூயார்க் டவுன் ஹாலில் கச்சேரி செய்தார். பாடகர் பால் ராப்சனுடன் அமெரிக்கா முழுவதும் சுற்றி வாசித்தார். 1945இல், தெரமினுக்காகவே அனிஸ் ஃபுலெய்ஹான் எழுதிய இசைப் படைப்பை லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி நடத்திய இசைக்குழுவோடு முதன்முதலாக அரங்கேற்றினார். அதே ஆண்டில்தான் ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தில் வேறொரு கலைஞர் தெரமின் வாசித்தார். அதன் பிறகு பேய்க்கும் பறக்கும் தட்டுக்கும் உரிய சத்தம் என்றே தெரமினுக்குப் பெயர் வந்துவிட்டது. கிளாரா தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ராக்மனினாஃப், சாய்கோவ்ஸ்கி, சான்-சான்ஸ் ஆகியோரின் இசையையே தொடர்ந்து வாசித்தார்.

காணாமல் போன நண்பர்

1938இல் தெரமின் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே கைதானார். கொலிமா முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு சிறைக்குள்ளேயே அரசுக்காக ஆராய்ச்சி செய்ய வைக்கப்பட்டார். வெளிநாட்டில் பலர் அவர் இறந்துவிட்டதாகவே நம்பினார்கள். 1962இல் கணவருடன் மாஸ்கோ போயிருந்த கிளாரா, அவர் உயிரோடு இருப்பதை அறிந்து ரகசியமாகச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கணவர் காலமானார். பின்னர் 1991இல் தெரமினே நியூயார்க் வந்தார். அவருக்கு 95 வயது, கிளாராவுக்கு 80. இருவரும் சந்தித்த காட்சி 1993இல் வெளியான ஆவணப்படத்தில் இருக்கிறது. அந்த ஆண்டே தெரமின் மறைந்தார்.

66 வயதில் முதல் ஆல்பம்

இத்தனை ஆண்டு வாசித்தும் கிளாராவுக்கென்று ஒரு இசைத்தட்டு வரவில்லை. அதற்கு முன்வந்தவர் ராபர்ட் மூக். பள்ளி வயதில் தெரமின் செய்து பழகி, பின்னால் சின்தசைசரை உருவாக்கியவர் அவர். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் கீபோர்டின் முன்னோடி அது. மூக் தம்பதியின் முயற்சியில் 1977இல் ஆல்பம் வெளிவந்தது. பியானோவில் அக்கா நாடியா. கிளாராவுக்கு அப்போது 66 வயது. 1998 மே 10 அன்று, 87ஆவது வயதில் அவர் நியூயார்க்கில் காலமானார். அவர் வகுத்த விரல் முறையை வைத்து இன்றும் பலர் பழகுகிறார்கள். 2016இல் அவருடைய பிறந்தநாளில் கூகுள் முகப்பில் வந்த தெரமின் விளையாட்டை நம் குழந்தைகளில் சிலர் விளையாடியிருக்கலாம்.

யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விற்றபோது அந்தக் கருவி விலைபோகவில்லை. எளிதல்ல என்று ஒப்புக்கொண்டு ஒருவர் வருடக்கணக்கில் பழகியபோதுதான் அதற்கு இசைக்கருவி என்ற மரியாதை கிடைத்தது. அந்த ஒருவரும், கை வலியால் தன் முதல் வாத்தியத்தை இழந்தவர்.

யூடியூபில் அவர் பெயரோடு, சான்-சான்ஸின் ‘அன்னம்’ என்று தேடிப் பாருங்கள். சில நிமிடங்கள்தான். இரவு பத்து மணிக்கு மேல் என்றால், பக்கத்து வீட்டாரை நினைத்து இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்!