இந்திரா காந்தியின் மூக்கு

டிவியில் ஒரு பெண் தலைவர் வந்தால் எங்க தெருவில் சேலை, நகை, உடம்பு பற்றித்தான் பேசுவாங்க. அவங்க என்ன பேசினாங்கன்னு கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் நான் இந்திரா காந்தி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 19.11.1917 அன்று அலகாபாத்தில் பிறந்தார். தந்தை நேரு. சிறு வயதில் சொந்த அத்தையே இவரை அழகும் இல்லை, அறிவும் இல்லை என்று சொன்னது காதில் விழுந்தது. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1966-இல் பிரதமர் ஆனார். லோகியா என்ற தலைவர் இவரை ஊமைப் பொம்மை என்று கேலி செய்தார். பத்திரிகைகளில் நீள மூக்கையும் நரைமுடியையும் பெரிசா வரைந்தார்கள்.

1967 பிப்ரவரியில் புவனேசுவரம் கூட்டத்தில் யாரோ எறிந்த கல் அதே மூக்கில் பட்டு எலும்பு உடைஞ்சு போச்சு. ரத்தம் கொட்டியது. சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பேசினார். பிறகு முகத்தில் கட்டோடவே ஓட்டுக் கேட்கப் போனார்.

1969-இல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார். 1971 போரில் ஜெயித்தபோது பொம்மை என்ற பேச்சே நின்னு போச்சு.

1975-இல் நெருக்கடி நிலை கொண்டுவந்து பலரைச் சிறையில் அடைத்தார். அது தப்புதான். 1977-இல் மக்கள் தோற்கடிச்சாங்க. 1980-இல் மறுபடி ஜெயிக்க வெச்சாங்க. 31.10.1984 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாராட்டினாலும் திட்டினாலும் அவர் செஞ்சதை வைத்துத்தான் செய்யணும். மூக்கை வைத்து இல்லை.

தோழிகளே, நாளைக்கு நம்மில் ஒருத்தி ஊராட்சித் தலைவர் ஆகலாம். நிறத்தையும் பல்லையும் கேலி பண்ணினால் தலை குனியாதீங்க. தோழர்களே, குழாயில் தண்ணி வந்துச்சான்னு அவளிடம் கேளுங்க. சேலையை விட்டுடுங்க!