ஓடை ஏற்றிய விளக்கு

இங்கிலாந்து தேசத்தின் வடகோடியிலே, நார்தம்பர்லாந்து மாவட்டத்திலே, ராத்பரி என்றொரு சிற்றூர் உண்டு. காக்கெட் என்னும் ஆறு அதன் அருகே வளைந்து ஓடுகிறது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னர், இருமலால் மெலிந்த ஒரு சிறுவனைக் காற்று மாற்றத்திற்காக அவ்வூருக்கு அடிக்கடி அழைத்து வருவார்கள். சிறுவன் நாளெல்லாம் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையிலேயே கிடப்பான். கரையிலிருந்த மீன்பிடிப்போர் அவனுக்கு 'மீன்கொத்தி' என்றே பெயர் வைத்துவிட்டனர். பின்னாளில் அந்த மீன்கொத்தி அதே ஊரருகே ஒரு மாளிகை கட்டித் தன் நிலத்தில் ஓடிய நீரைக் கொண்டே அதற்கு விளக்கேற்றியது. வில்லியம் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வரலாறு அதுதான்.

அவர் 1810-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் நியூகாஸில் நகரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். மகன் இயந்திரங்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தான். தந்தையாரோ அவனை வழக்கறிஞன் ஆக்கத் தீர்மானித்திருந்தார். நம்மில் பலருக்கு இது புதிய கதையன்று! மகன் எதிர்த்துப் பேசவில்லை. குடும்ப நண்பர் டாங்கின் என்பவரிடம் சட்டத் தொழில் பயின்று, 1835-இல் அந்நிறுவனத்திலேயே பங்காளியானார். அதே ஆண்டில் மார்கரெட் ராம்ஷா என்னும் நங்கையை மணந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் பகலில் பத்திரங்களும், ஓய்வு நேரத்தில் பல் சக்கரங்களுமாக அவர் வாழ்க்கை நடந்தது.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் டென்ட் என்னும் பள்ளத்தாக்கில் மீன் பிடிக்கச் சென்ற அவர், சலவைக்கல் சுரங்கம் ஒன்றிற்காகச் சுழன்றுகொண்டிருந்த நீர்ச்சக்கரம் ஒன்றைக் கண்டார். மலை உச்சியிலிருந்து பல நூறு அடி இறங்கி வருகிறது நீர்; சக்கரமோ அதில் இருபது அடி வீழ்ச்சியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. இருபதில் ஒரு பங்கு சக்திதான் வேலை செய்கிறது, எஞ்சிய பத்தொன்பது பங்கும் பாறைகளில் மோதி வீணாகிறது என்று அவர் கணக்கிட்டார். அந்நீரை உச்சியிலேயே குழாய்க்குள் அடைத்துக் கீழே கொண்டுவந்தால், முழு உயரத்தின் அழுத்தமும் கைக்குக் கிடைக்குமன்றோ? இந்த ஒரு கேள்விதான் அவருடைய வாழ்நாள் முழுவதையும் ஆட்டிவைத்தது என்பேன்.

இடையில் ஒரு வேடிக்கை. 1840-ஆம் ஆண்டில் நியூகாஸிலுக்கு அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், கொதிகலனிலிருந்து கசிந்த நீராவியில் கைவைத்த தொழிலாளிக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டது. வழக்கறிஞர் விடுவாரா? ஆராய்ந்து, நீராவியைச் சிறு துளைகள் வழியே பீறிடச் செய்து நீண்ட தீப்பொறிகளைத் தோற்றுவிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அதற்கு 'ஹைட்ரோ எலெக்ட்ரிக்' பொறி என்று பெயர். ஆனால் அதனை நாம் அறிந்த நீர்மின்சாரத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது; அது உராய்வால் தோன்றும் நிலைமின்சாரம். அதனைக் காணக் கூட்டம் அலைமோதியது. 1846-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போதும் அவர் வழக்கறிஞரே!

1845-இல் நியூகாஸில் நகருக்குத் தொலைவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் முயற்சியில் அவர் முன்னின்றார். மேட்டிலிருந்து வரும் நீருக்கு நகரின் தாழ்ந்த பகுதியில் தேவைக்கு மிஞ்சிய அழுத்தம் இருந்தது. அதனைக் கொண்டே துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கியை இயக்கிக் காட்டினார். 1847-இல் சட்டத்தைத் துறந்து எல்ஸ்விக் என்னுமிடத்தில் தொழிற்சாலை தொடங்கினார். மேட்டுநீர் இல்லாத துறைமுகங்களுக்காக, பெரும்பாரம் ஏற்றிய உருளையால் நீரை அழுத்தி வைக்கும் முறையையும் கண்டார். நியூகாஸிலின் சுழல் பாலமும் லண்டன் டவர் பாலமும் திறந்து மூடுவதற்கு அவருடைய நீரழுத்தப் பொறிகளே பயன்பட்டன.

இவ்வளவோடு நின்றிருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். 1854-இல் கிரிமியப் போரில், சேற்றில் நகர மறுத்த கனத்த பீரங்கிகளால் ஆங்கிலப் படை அல்லலுற்ற செய்தியைப் படித்தார். இலேசான, உள்ளே மரை வெட்டிய, பின்புறம் குண்டு நிரப்பும் பீரங்கியை உருவாக்கினார். காப்புரிமையை அரசாங்கத்திற்கு விலையின்றி அளித்தார். 1859-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. சில ஆண்டுகளில் அரசாங்கம் அவரிடம் பீரங்கி வாங்குவதை நிறுத்தியதும், எல்ஸ்விக் பீரங்கிகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் அவருடைய வாடிக்கைக்காரர்கள்! போர் மூட்டுவது பீரங்கி செய்பவன் அல்லன் என்று தம் மனத்திற்கு அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. நாம் போற்றப்போகும் விளக்கிற்கு ஓடை சக்தி தந்தது. மாளிகைக்குப் பணம் தந்ததில் பீரங்கிக்குப் பெரும்பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1863-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அவ்வாண்டு பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் தலைவராக நியூகாஸிலில் உரையாற்றியபோது, நிலக்கரி எடுப்பது அன்றைய வேகத்தில் பெருகிக்கொண்டே போனால் பிரிட்டனின் கரி 212 ஆண்டுகளில் தீர்ந்துபோகும் என்று எச்சரித்தார். எந்த ஊரில்? கரியினாலேயே செல்வம் கண்ட ஊரில்! அதே ஆண்டில் ராத்பரிக்கு அருகே டெப்டன் ஓடைப் பள்ளத்தாக்கில் சிறிது நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். அதுவே 'கிராக்ஸைடு'. வெறும் பாறையும் புதருமாயிருந்த குன்றிலே பல இலட்சம் மரங்களை நட்டார். ஓடைகளை அணையிட்டு மறித்து ஐந்து ஏரிகளை உண்டாக்கினார். நார்மன் ஷா என்னும் கட்டடக் கலைஞர் வீட்டை மாளிகையாக விரித்தார். மின்தூக்கி இல்லாத காலத்தில் அங்கே நீரழுத்தத் தூக்கி இருந்தது. சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைக்கூட நீரே சுழற்றியது.

மாளிகை வளர்ந்துகொண்டிருந்த 1871-இல், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை கோரி டைன் ஆற்றங்கரைப் பொறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகளின் தலைவராக நின்று எதிர்த்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைத்தும் பார்த்தார். ஐந்து மாதங்களுக்குப் பின் தொழிலாளர்களே வென்றனர்.

இனி விளக்கிற்கு வருவோம். 1878-இல் டெப்டன் ஏரியின் நீரைக் கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றி, அதனோடு ஸீமன்ஸ் டைனமோ ஒன்றை இணைத்து, மாளிகையின் ஓவியக் கூடத்தில் வில்விளக்கு ஏற்றினார். இரு கரித்துண்டுகளுக்கிடையே பாயும் மின்பொறியே அவ்விளக்கு. கண்ணைக் கூசவைக்கும், சீறும், கரி தேயத் தேய மாற்றவேண்டும். வீட்டிற்கு ஏற்றதன்று. நல்வாய்ப்பாக, கரியிழையைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து ஒளிரச் செய்த ஜோசப் ஸ்வான் நியூகாஸில்காரர், ஆர்ம்ஸ்ட்ராங்கின் நண்பர். 1880 டிசம்பரில் ஸ்வானின் விளக்குகள் கிராக்ஸைடில் பொருத்தப்பட்டன.

அடுத்த மாதமே ஆர்ம்ஸ்ட்ராங் பொறியியல் இதழ் ஒன்றிற்கு எழுதிய கடிதத்தில் எல்லா விவரங்களையும் தந்துவிட்டார். டர்பைனின் திறன் ஆறு குதிரைத்திறன். வீட்டிற்கும் அதற்கும் 1,500 கஜம் தொலைவு. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 3,000 கஜம் செம்பு. விளக்குகள் 45, ஒரே நேரத்தில் எரிய வேண்டியவை 37-க்கு மேல் இல்லை. நூலகத்தில் மட்டும் எட்டு விளக்குகள். அவற்றுள் சில, எனாமல் பூசிய செப்புக் குடங்களின் மீது அமர்ந்திருந்தன. குடத்தின் உலோகமே ஒரு கம்பி. அதன் அடி பாதரசத்தில் நிற்கும். குடத்தைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும்! இன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவரேனும் திறந்த கிண்ணத்தில் பாதரசம் வைத்தால், ஆசிரியர் அவரை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்.

ஆறு குதிரைத்திறன் என்பது எவ்வளவு? விஞ்ஞானம் பயிலாத நண்பர்களும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 60 லிட்டர் நீர் விழுகிறது என்று கொள்வோம். அதன் முழுத்திறன் சுமார் 5.9 கிலோவாட். பொறியில் நூற்றுக்கு இருபத்தைந்து வீணானாலும் 4.4 கிலோவாட் எஞ்சும். அதுவே ஏறக்குறைய ஆறு குதிரைத்திறன். அன்றைய கரியிழை விளக்கு 37-க்குச் செலவான இச்சக்தி, ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் ஏறத்தாழ 490-க்குப் போதும். உயரம் இரட்டித்தால் பாதி நீரே போதும் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவேதான் 1886-இல், இன்னும் மிகுந்த வீழ்ச்சி கிடைத்த பர்ன்ஃபுட் என்னுமிடத்தில் புதிய மின்நிலையம் அமைத்தார். நம் நாட்டின் முதல் நீர்மின் நிலையம் டார்ஜிலிங்கிற்கு அருகே சித்ராபாங்கில் தோன்றியது 1897-இல்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1887-இல் ஆர்ம்ஸ்ட்ராங் பிரபு ஆனார். மனைவியார் 1893-இல் மறைந்தார், குழந்தைகள் இல்லை. 1900 டிசம்பர் 27-ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், கிராக்ஸைடில் காலமானார். ராத்பரியிலேயே, சிறுவயதில் தூண்டில் போட்ட ஆற்றிற்கு அருகில் அடக்கமானார்.

மாளிகை 1977-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் பொறுப்பிற்கு வந்தது. 2014-இல் அங்குள்ள டம்பிள்டன் ஏரிக்கரையில் 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றைப் பொருத்தினார்கள். நீரை மேலேற்றப் பழங்காலத்தில் பயன்பட்ட அதே திருகு இங்கே தலைகீழ் வேலை செய்கிறது. நீர் இறங்க இறங்கத் திருகு சுழல்கிறது. அதன் திறன் சுமார் 12 கிலோவாட்.