மரபிழையின் உருவைக் கண்ட மாதரசி

ரோசலிண்ட் பிராங்க்ளின் 1920ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று, நிலக்கரியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வில் ஈடுபட்டார். 1952 மே திங்களில் அவர்தம் மேற்பார்வையில் மாணவர் கோஸ்லிங் எடுத்த 51ஆம் ஊடுகதிர்ப்படம், மரபிழை திருகு வடிவினது என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அப்படம் அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953இல் இரட்டைத் திருகு வடிவம் அறிவிக்கப்பட்டபோது பெரும்புகழ் பிறரையே சேர்ந்தது.

பின்னர்ப் பர்க்பெக் கல்லூரியில் புகையிலைத் தேமல் நச்சுயிரியை ஆராய்ந்து, அதன் ஆர்.என்.ஏ. புரத உறையினுள் சுருளாகப் பதிந்திருப்பதைப் புலப்படுத்தினார். 1956இல் புற்றுநோய் கண்டது. ஆயினும் ஆய்வை நிறுத்தினாரல்லர். இளம்பிள்ளைவாத நச்சுயிரியை ஆராயத் தொடங்கிய நிலையில், 1958 ஏப்ரல் 16இல் தம் 37ஆம் அகவையில் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்சு ஆகிய மூவர்க்கு வழங்கப்பெற்றது. மறைந்தோர்க்கு அப்பரிசு இல்லை.

இன்று பயிர்நோய், மனிதநோய்க் கிருமிகளின் மரபுத்தொடரை எழுத்தெழுத்தாகப் படித்துக் கணிப்பொறியில் ஒப்பிடுகின்றனர். 2020 சனவரியில் கொரோனா நச்சுயிரியின் மரபுத்தொடர் வெளியானதும் தடுப்பூசிப் பணி தொடங்கிற்று. இவ்வறிவு மாளிகையின் அடித்தளத்தில் அவ்வம்மையாரின் உழைப்பும் உண்டு. அறிவு ஓர் அமானிதம். பிறர் உழைப்பை அவர் பெயராலேயே உரைப்பது அதனைக் காக்கும் வழியாகும்.